ஊதாக் கிருமியும் கனடாக் கப்சூலும்

ஆய்வுகூடக்காரிக்கு மனிதர்களை முகத்தால் தெரியாது. சளியாலும் சிறுநீராலும் புண்ணில் தொட்ட பஞ்சுக்குச்சியாலும்தான் தெரியும். யாழ்ப்பாணத்துத் தீவக ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு அதுதான் வேலை. கண்ணாடித் துண்டில் தடவி, ஊதாச் சாயம் ஊற்றி, அயடீன் ஊற்றி, ஸ்பிரிட்டால் கழுவி, கடைசியில் சிவப்புச் சாயம் ஊற்றுவோம். தடித்த சுவருள்ள கிருமி என்ன கழுவினாலும் ஊதாவை விடாது. அதற்கு கிராம் பொசிட்டிவ் என்று பெயர். மெல்லிய சுவர்க்காரர் ஊதாவைப் பறிகொடுத்துச் சிவப்பாகிவிடுவார்கள். விரலில் ஒட்டிய ஊதா போகாமல், கல்யாண வீட்டுப் பந்தியில் கையை ஒளித்துச் சாப்பிட்ட சகபாடிகளே, உங்களுக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

தபசுகாலத்து உடுப்பு

மரியதாஸ் அண்ணை எழுவைதீவில் கடற்தொழில் செய்பவர். நீரிழிவுக்காரர். வலை இழுக்கும்போது திருக்கை முள் பாதத்தில் ஏறி, அந்தப் புண் ஆறாமல் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மடங்கும் என்று கெதியாகக் கண்டுபிடிக்காவிட்டால் கால் தப்பாது என்று டொக்டர் அவர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருந்தார். மனிதர் புண்ணில் எடுத்த பஞ்சுக்குச்சியைத் தானே கொண்டுவந்து, முடிவு தெரியாமல் போகமாட்டேன் என்று எங்கள் யன்னலடியில் நின்றுகொண்டார்.

முடிவுக்கு நாள் எடுக்கும் என்றேன். அசையவில்லை. சரி, வந்து பாருங்கள் என்று நுணுக்குக்காட்டியைக் காட்டினேன். உருண்டை உருண்டையாய் ஊதாக் குவியல்கள். "குவியலாக் கிடந்தால் ஒரு குடும்பம், சங்கிலியாக் கோத்துக் கிடந்தால் வேறை குடும்பம், குச்சி மாதிரிக் கிடந்தால் அது இன்னொண்டு" என்று விளக்கினேன். ஒற்றைக் கண்ணை இறுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "சுவாமிமார் மாதிரித் தபசுகாலத்து ஊதா உடுப்பெல்லோ போட்டிருக்கினம்! ஆனால் ஒருத்தரும் நோன்புக்குச் சாப்பாட்டைக் குறைச்ச மாதிரித் தெரியேல்லை பிள்ளை."

தூள்

கண்ணாடியில் அவ்வளவு கூட்டம். ஆனால் இரத்தம் கலந்த ஊட்டக் கூழ்த் தட்டில் பூசி வளர வைத்தால் ஒன்றுகூட முளைக்கவில்லை. தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் உதவியாளர் செல்வராசா அண்ணைதான் பஞ்சு நுனியில் ஏதோ வெள்ளையாய் ஒட்டியிருக்கிறது என்று காட்டினார். மரியதாஸ் அண்ணையின் மனைவி திரேசம்மா அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

அவருடைய தம்பி கனடாவில். சவர்க்காரம், சொக்கிளேற்றோடு தான் குடித்து மிஞ்சிய கிருமிகொல்லிக் கப்சூலும் பொதியில் வரும். அதை விழுங்குவதோடு நிற்கமாட்டார்கள். உடைத்து, உள்ளே இருக்கும் தூளைப் புண்ணில் தூவுவார்கள். பிள்ளையின் காதுவலிக்கும் அதுதான், ஆட்டின் குளம்புப் புண்ணுக்கும் அதுதான். மேலே பொருக்குக் கட்டிக் காய்ந்துவிடும், உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். தூள் பஞ்சோடு கட்டியாய் வந்தால் எங்கள் தட்டில் கிருமி வளராது, வளராவிட்டால் எந்த மருந்து கேட்கும் என்று சொல்ல ஏலாது, தூளை நிறுத்திவிட்டுத் திரும்ப வாருங்கள் என்று கெஞ்சாக் குறையாகச் சொன்னேன். "நிப்பாட்டுறம் பிள்ளை. ஆனால் மிச்சத்தை என்ன செய்யிறது? தம்பி மினக்கெட்டு அனுப்பினது, கடலிலை கொட்ட மனம் வராது" என்றார் அக்கா.

குமிழி

சொன்னபடி சில நாளில் வந்து இரண்டாம் தரம் பஞ்சு கொடுத்துவிட்டுப் போனார்கள். இம்முறை தட்டு நிறையப் பொன்னிறப் பொட்டுகள். ஒன்றைத் தொட்டு ஐதரசன் பெரொக்சைட்டில் வைத்ததும் குமிழி பொங்கியது. சங்கிலிக் குடும்பம் என்றால் பொங்காது. இரத்தத்தின் மேல் தெளிந்து நிற்கும் நீரில் கலந்து வைத்தேன், தயிராய் உறைந்தது. குவியல் குடும்பத்தில் ஆகப் பொல்லாதவர் இவர்தான். கூடவே வித்துச் சுமந்த ஊதாக் குச்சிகளும் இரண்டொன்று தெரிந்தன. கடற்கரை மண்ணில் கிடப்பவை, காலோடு ஒட்டி வந்திருக்கும்.

அடுத்து இந்தக் கிருமியைப் பூசிய தட்டில், மருந்தில் தோய்த்த கடதாசிப் பொட்டுகளை வைத்துப் பார்த்தேன். மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றி வெறும் வட்டம் விழும். கனடாக் கப்சூல் இனத்துப் பொட்டின் விளிம்புவரைக்கும் கிருமி செழித்து வளர்ந்திருந்தது. பஞ்சில் கட்டியாய் ஒட்டிய தூளுக்குத்தான் அன்று அடங்கியிருக்கிறார், அளவான மருந்துக்கு மடங்கவில்லை. ஆனால் ஓர் ஊசி மருந்தைச் சுற்றி நல்ல அகலமான வட்டம்! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கால் தப்பிவிட்டது என்றே நினைத்தேன். செல்வராசா அண்ணை மற்றப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "தங்கச்சி, உவங்களுக்குக் கனடாச் சாப்பாடு நல்லாப் பழகீட்டுது."

கூடு

உடனே வந்து வார்ட்டில் படுக்கச் சொல்லி டொக்டர் ஆள் விட்டும் மரியதாஸ் அண்ணை வரவில்லை. மனம் கேளாமல் நானே தொலைபேசி எடுத்தேன். கோயிலில் பெருநாளுக்குக் கொடி ஏறிவிட்டதாம். புனிதரின் சிலையை, சுருவத்தை, வைத்த மரக் கூட்டை வீதியால் தூக்கி வருகிற தோள்களில் அவருடையதும் ஒன்று. வெறுங்காலோடுதான் தூக்குவார்கள். கால் பெருநாளுக்குக் காய்ந்திருக்கவேண்டும் என்று, பஞ்சு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன கையோடு மறுபடியும் தூள் தூவியிருக்கிறார்.

பேசினேன், பயமுறுத்தினேன், அழுகிற குரலும் வந்துவிட்டது. ஊசி மருந்து இங்கே தயாராய் இருக்கிறது, மேலே காய்ந்ததைப் பார்த்து ஏமாறவேண்டாம் என்றேன். அவர் கோபிக்கவே இல்லை. "கோவியாதையும் பிள்ளை. நான் தோள் குடுக்காட்டில் கூடு ஒரு பக்கம் சரிஞ்சு போகும். பெருநாள் முடிஞ்ச உடனை முதல் படகிலை வாறன், நீர் யோசியாதையும்."

சேமக்காலை

சொன்ன சொல் தவறாமல் முதல் படகிலேயே வந்தார். அதற்குள் கிருமி எலும்புக்குப் போய்விட்டது. ஊசி ஏற்றிக்கொண்டே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கேட்ட அன்று என்னால் வேலை செய்ய முடியவில்லை. அந்த அகலமான வட்டம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

சில மாதம் கழித்துச் சீனி சோதிக்க ஊன்றுகோலோடு வந்தார். கதிரையில் இருத்தினேன். வெட்டிய காலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் சேமக்காலையில், தகப்பனின் கல்லறைக்குப் பக்கத்தில் தாட்டதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீர் படிச்சனீர், சொல்லும் பிள்ளை. நானும் அதுக்குள்ளைதானே போய்ப் படுக்கவேணும். உந்தக் கிருமியள் அங்கை இன்னும் உயிரோடை கிடக்குமோ?"

கிருமிக்குக் குடும்பம் கோத்திரமெல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கிற எங்களால், ஒரு மனிதரைப் பெருநாளுக்கு முந்தின படகில் ஏற்றத்தான் முடியவில்லை.