பெருவிரல் குழியில் கைதச்சக்கை ஜாம்

அந்த ஓவனை மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கருங்கலில் இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தபோது அம்மா முற்றத்தில் ரப்பர் விறகு கீறிக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும், "டி.வி.யா மக்கா?" என்றாள்.

"ஓவன்மா. பிஸ்கட்டு, கேக்கு எல்லாம் சுடலாம்."

"இதுக்கு விறகு எங்க வைக்கது?"

அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையால் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தாள்.

ஆபீசுக்காக வாங்கினேன் என்றுதான் சொன்னேன். திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் டிசம்பரில் கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட் எடுப்பார்கள். சீட்டுக் குலுக்கி யார் பெயர் வருகிறதோ அவருக்கு, கொடுப்பது யாரென்று தெரியாமல் சின்னச் சின்னப் பரிசாக வைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பார்ட்டியன்று முகத்தைக் காட்ட வேண்டும். போன வருடம் எனக்கு வந்தது கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு சேச்சியின் பெயர். பார்ட்டிக்கு அவருக்கு வீட்டில் சுட்ட குக்கீஸ் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை.

மீதிப் பாதி அப்பாவின் வலது கை.

அப்பா பால்வெட்டுக்காரர். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் தோட்டத்து ரப்பர் மரங்களில் பட்டை சீவி, சிரட்டையில் வடியும் பாலை எடுத்து, உறைய வைத்து, தட்டையாக ஷீட்டு அடித்துக் கொடியில் காயப்போடுவதுதான் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் வேலை. ஓவன் வாங்குவதற்கு முந்தின வருடம் மழைக்காலத்தில் வாதம் வந்து விழுந்தார். பேச்சு திரும்பியது. காலும் ஏறக்குறையத் திரும்பியது. கை மட்டும் திரும்பவில்லை. பிசியோதெரபி பார்த்த பையன் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொன்னான்.

"ஆயுசு முழுக்க ரப்பரப் பிடிச்சாச்சு. இப்பவும் ரப்பர்தானா?" என்றார் அப்பா. சில நாளில் அந்தப் பந்து பக்கத்து வீட்டு நாயின் வாயில் இருந்தது. எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை.

அப்படியானால் மாவாவது பிசையட்டும் என்றான் அந்தப் பையன். அம்மா சப்பாத்தி மாவைக் கிண்ணத்தில் போட்டு முன்னால் வைத்தாள். அப்பா அதை விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஏட்டி, இது ஒனக்க வேலைல்லா."

"எனக்க வேலைய நீங்க ஒரு நாளு செஞ்சா வானம் இடிஞ்சிராது."

வானத்துக்கு எதற்குச் சிரமம் என்பதுபோல அவர் எழுந்து கட்டிலுக்குப் போய்விட்டார்.

கை போனதைவிட, கையோடு போன இன்னொன்றுதான் அவரைக் கட்டிலில் கிடத்தியிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இரண்டாம் வகுப்பில் ரேங்க் கார்டு கொண்டுவந்து, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள் என்றேன். அதுவரை அவர் எங்கேயும் கைநாட்டுத்தான் வைத்தவர். கார்டைக் கூரை இடுக்கில் செருகி வைத்தார். சாயாக்கடையில் பேப்பர் வாசிக்கும் ஒருவரிடம் தன் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி, அதைப் பார்த்து என் சிலேட்டில் வரைந்தார், அழித்தார், மறுபடி வரைந்தார். கடைசியில் கார்டில் போட்டுக் கொடுத்தார். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, பேசிக்கொள்ளாத சொந்தக்காரர்கள்போல நின்றது. முடிவில் வைத்த புள்ளி மறுபக்கம் வரை துளைத்திருந்தது. அன்று தொடங்கி என் கல்லூரி விண்ணப்பம் வரை எல்லாவற்றிலும் அந்தக் கையெழுத்துதான். அதைத் தவிர வேறெதையும் அவர் எழுதக் கற்கவில்லை. வேண்டியது அது ஒன்றுதான் என்பதுபோல இருந்தார்.

வாதம் வந்த பிறகு பேங்கில் அந்தக் கையெழுத்து ஒத்துவரவில்லை. அங்கிருந்த பெண் நல்ல பிள்ளை. தானே எழுந்து மைப்பெட்டியை அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கொண்டுவந்து, பெருவிரலை மெல்லப் பிடித்துப் பதித்து, "பரவாயில்ல அப்பா" என்றாள். யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. ஆட்டோவில் திரும்பும்போது அப்பா மை படிந்த விரலை வேட்டி நுனியால் சுற்றி வைத்திருந்தார். அதற்குப் பிறகு கடைக்குப் போகவில்லை. ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்கும் போகவில்லை. அவர் முன்னால் கைநாட்டு என்ற வார்த்தையை நாங்கள் யாரும் சொல்லவில்லை.

அந்த டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வரும் எங்கள் சபையின் கேரல் வந்தது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கேரலுக்கு டிரம் அடித்தவர் அப்பா. முற்றத்தில் பாட்டுச் சத்தம் கேட்டதும் எழுந்து உள்ளறைக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டார். "அண்ணன் எங்க?" என்று கேட்டார்கள். அம்மா, "ஒறங்கியாச்சு" என்றாள். அப்போது மணி ஏழுகூட ஆகவில்லை. யாரும் மறுபேச்சுப் பேசாமல் சாயாவைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

போன வருடம் கேரல் சனிக்கிழமை, எங்கள் வீடுதான் முதல் வீடு என்று சொல்லியனுப்பினார்கள். இந்த முறையாவது அப்பா வெளியே வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். அம்மாவும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவள் நாற்காலியைக் கழுவி வெயிலில் வைத்தாள். நான் ஓவன் வாங்கி வந்தேன். வெறும் கையோடு வெளியே வர அவருக்குக் கூச்சமாக இருக்கலாம், நீட்டுவதற்குத் தட்டில் தானே செய்த எதையாவது வைத்திருந்தால் வருவார் என்று எனக்கு ஓர் எண்ணம்.

சனிக்கிழமை மத்தியானம் தொடங்கினோம். மொபைலில் வீடியோவை ஓடவிட்டு வெண்ணெய், சர்க்கரை, மைதா என்று அளந்து போட்டேன். வெண்ணெயை அறையின் சூட்டில் வையுங்கள் என்றாள் வீடியோவில் வந்த பெண். அவள் எந்த ஊர் அறையைச் சொன்னாளோ, எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அது எண்ணெயாக ஓடியது. மாவைப் பிசைந்து ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கவும் சொன்னாள். கேரல் வருவதற்குள் முடிக்க வேண்டுமே என்று அதை நான் விட்டுவிட்டேன். தட்டில் அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள். வெண்ணெய்தான் தடவ வேண்டும் என்றேன். "நம்ம வீட்டுல எதுக்கும் இதுதான்" என்றாள்.

ஓவனைத் திறந்தபோது நட்சத்திரமாக வைத்த அத்தனையும் உருகிப் பரந்து, தட்டு முழுக்க ஒரே பலகையாகக் கிடந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டிலிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். பிறகு, நெடுநாள் கேட்காத ஒரு சத்தம். சிரிக்கிறார்.

"ஷீட்டு அடிச்சிட்டியா மக்கா? கொண்டுபோயி கொடியில காயப்போடு."

"உருகிட்டுப்பா."

"உறையாம அடிச்சா அப்படித்தான். நீ படிச்ச படிப்புல இது இல்லியா?"

"வீடியோவுல சொன்னா. நான்தான் வைக்கல்ல."

"அவ சொன்னதக் கேளு. பொம்பள சொன்னா கேக்கணும்," என்றார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

மீதி மாவை ஃப்ரிட்ஜில் வைத்தோம். ஷீட்டை உடைத்து மூவரும் தின்றோம். தேங்காய் எண்ணெய் மணத்தோடு நன்றாகத்தான் இருந்தது. அப்பா சிரித்த சூட்டோடு அவரை மேசைக்கு வரவழைத்துவிட்டாள் அம்மா. இறுகிய மாவில் பாதியைப் பரத்தி, மீதியை உருண்டைகளாக உருட்டி வைத்தேன். நட்சத்திர அச்சை அவர் வலது கையில் கொடுத்தேன்.

அவர் முயன்றார். அச்சு ஒரு பக்கம் இறங்கியது, மறுபக்கம் இறங்கவில்லை. தூக்கும்போது மாவு கிழிந்து வந்தது. இரண்டாவதும் அப்படியே. அச்சை மேசையில் வைத்துவிட்டார். முகம் பழையபடி மூடிக்கொள்வதைப் பார்த்தேன்.

"நீங்களே பாருங்க" என்று மேசையில் கையூன்றி எழுந்தார். அப்போதுதான் அது நடந்தது. ஊன்றிய வலது கை உருட்டி வைத்திருந்த ஓர் உருண்டையின் மேல் பட்டு, பெருவிரல் உள்ளே இறங்கிவிட்டது. எடுத்தபோது மாவில் குழி, குழிக்குள் ரேகை.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் பார்த்தேன். விரல் குழியில் ஜாம் வைத்துச் சுடும் குக்கீஸ் உண்டு என்று எனக்குத் தெரியும். அதைச் செய்யலாம் என்று வீடியோகூடத் தேடி எடுத்து வைத்திருந்தேன். பிறகு பேங்க் ஞாபகம் வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எந்த வாயால் அவரிடம் போய்ப் பெருவிரலை அமுக்குங்கள் என்று சொல்வேன்?

அம்மா ஒன்றும் நடக்காததுபோல அலமாரிக்குப் போய் ஜாம் பாட்டிலை எடுத்து வந்தாள். எங்கள் பக்கத்தில் அன்னாசியைக் கைதச்சக்கை என்போம். ரப்பர் கன்றுகளுக்கு இடையே காய்த்ததை வாங்கி அவள் காய்ச்சிய ஜாம். ஒரு கரண்டி எடுத்து அந்தக் குழியில் வைத்தாள். சரியாகப் பொருந்தியது.

"இஞ்ச பாருங்க. கரண்டியால குழிச்சா இப்படி வராது. ஒண்ணு கூட வச்சுத் தாங்க."

அப்பா நின்றபடியே அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த உருண்டையைத் தட்டில் நகர்த்திவிட்டு, கரண்டியோடு காத்திருந்தாள். நானும் மாவு உருட்டுவதில் மும்முரமாக இருப்பதுபோல இருந்தேன்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்பா உட்கார்ந்தார்.

முதலில் வைத்தவற்றில் குழி ஆழமில்லை. ஜாம் வழிந்து ஓடியது. இடது கையால் வலது கையைப் பிடித்து அமுக்கப் போனார். அம்மா, "இடது வேண்டாம், வலது மட்டும் போதும்" என்றாள். பிறகு வலது கை தனியாகவே இறங்கியது. உருண்டையின்மேல் பெருவிரலை வைத்து, தோளைக் கொஞ்சம் சாய்த்து, உடம்பின் கனத்தை மெல்ல இறக்கினார். ஒரு தட்டு முடிந்து அடுத்த தட்டுக்கு வந்தபோது வழியவில்லை. ஓவன் டிக்டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. சுட்டு வெளியே வந்தபோது குழிகளில் ஜாம் பொன்னிறமாக இறுகியிருந்தது. விளிம்பில் சிலவற்றில் ரேகையும் அப்படியே இருந்தது.

இருட்டத் தொடங்கியபோது தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டது. அம்மா நட்சத்திர விளக்கைப் போட்டாள். நான் முற்றத்தில் நாற்காலியை விரித்துப் போட்டுவிட்டு, உள்ளே பார்க்காமல் நின்றேன். உள்ளறை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பாடிக்கொண்டே கேரல்காரர்கள் முற்றத்துக்குள் வந்துவிட்டார்கள். முதல் பாட்டின் பாதியில் அப்பா வாசற்படிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை. ஒருவருக்கும் வணக்கம் சொல்லாமல், கால் இழுத்து நடந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டு ஒரு நொடி தள்ளாடி மறுபடி எழும்பியது.

பாட்டு முடிந்ததும் அம்மா தட்டை அவர் மடியில் வைத்தாள். இப்போது டிரம் அடிக்கும் தம்பி முதலில் வந்து ஒன்றை எடுத்தான்.

"என்ன அண்ணே, பிஸ்கட்டுல குழி? யாரு செஞ்சது?"

நான் வாயைத் திறக்கும் முன்பே அப்பா பேசினார்.

"எடு எடு. எல்லாத்துலயும் கைநாட்டு வச்சிருக்கேன். நாளைக்கு அந்த வீட்டுல ஒண்ணும் தரல்லன்னு ஒருத்தனும் சொல்லப்பிடாது."

சாயாக் கெட்டிலோடு வந்துகொண்டிருந்த அம்மா படியிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பம்னா நாங்களும் கைநாட்டு வச்சு வாங்கணுமா?" என்றான் அந்தத் தம்பி, வாயில் மாவோடு.

"நீ ரெண்டு எடுத்திருக்க. நீ ரெண்டு வைக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்டிருந்தவர் முகமூடியைத் தூக்கிவிட்டு ஒன்றை வாயில் போட்டார். டிரம்மை அப்பாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். "அடுத்த வருசம் பாப்பம். இப்பம் கை மாவுலதான் பழகுகு" என்றார். அவர்கள் போகும்போது தட்டில் தூள்தான் மிச்சம்.

ஆபீசுக்கு வேண்டியதை அம்மா முன்பே தனியாக எடுத்து வைத்திருந்தாள். அதைப் பழைய பால்பவுடர் டின்னில் அடுக்கும்போது அப்பா அருகில் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது வேண்டாம். சரியா விழல்ல" என்று ஆழமில்லாதவற்றை ஒதுக்கினார். ஒதுக்கியவற்றை நான் என் பைக்குள் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை பார்ட்டியில் கணக்குப் பிரிவு சேச்சி ஒன்றைக் கடித்துவிட்டு, "ஏது பேக்கரியா?" என்று கேட்டார். "எங்க அப்பா" என்றேன். அப்பாவுக்குப் பேக்கரியா என்றார். இல்லை, பால்வெட்டு என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

அது திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள், ஞாயிறு காலை, கோயிலில் முதல் மணி அடித்தபோது அம்மா அடுக்களையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பட்டன் போடாமல், அவள் முன்னால் போய் நின்றார்.

"இதக் கொஞ்சம் போட்டுத் தாட்டி. மணி அடிச்சாச்சு."

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டுவிட்டாள். கடைசிப் பட்டனை மட்டும் போடாமல் விட்டுவிட்டு, "இத நீங்க போடுங்க" என்றாள். நாங்கள் கோயிலுக்குப் போகக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.