மேரி டீச்சரின் கதைக்கு வந்த பெயரில்லாக் கருத்து

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மேரி டீச்சரின் வலைப்பூக் கதைக்கு, "முடிவு படுமோசம், இனி எழுதாதீர்கள்" என்று பெயரில்லாமல் கருத்துப் போட்டவன் நான்தான். அவருக்குப் பதினோரு பாராட்டு. என் பதிவுக்கு ஈ கூட வரவில்லை.

இன்று நாவுல ஊருக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அவரேதான்.

"அண்ணே, அந்த ஆளைக் கண்டுபிடிச்சிட்டேன். எங்க வீட்டுக்காரருதான்! என் சமையலுக்கும் 'படுமோசம்'னுதான் சொல்லுவாரு. மூணு நாளா அவருக்குச் சோறு போடல."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோதனைச் சாவடியில் இறங்கி, சிப்பாயிடம் அடையாள அட்டையை நீட்டினேன். அவனிடம் காட்டிய பெயரை டீச்சரிடம் சொல்ல வாய் வரவில்லை.

திரும்ப ஏறியதும் கேட்டார்: "நீங்க சொல்லுங்கண்ணே, அவராத்தானே இருக்கும்?"

"அவராத்தான் இருக்கும், டீச்சர்" என்றேன். முகத்துக்கு நேரே, சொந்தக் குரலில்.

"அந்த முடிவையே அழிச்சிட்டு வேற எழுதிட்டு இருக்கேன்" என்றார்.

பெயரை மறைப்பதால்தான் மனிதர்கள் கெட்டுப்போகிறார்கள் என்பவர்கள் கீழே கருத்துப் பெட்டிக்கு வந்து என்னிடம் பேசுங்கள். டீச்சர், நீங்கள் இதைப் படித்தால் முதலில் அவருக்குச் சோறு போடுங்கள்.

இன்னொன்று. கதையின் முடிவை நான் இன்னும் படிக்கவில்லை. கருத்துப் போட்ட அன்று, அதைப் படிப்பதற்குள் நெட் கடையில் என் அரை மணி நேரம் முடிந்துவிட்டது.