மாரிகுப்பம் சகோதரர்களில் நாலாவது ஆள் நான்தான்

நாப்தலின் உருண்டை, முகப் பவுடர், அடுத்தவன் வியர்வை... இந்த மூன்றும் கலந்த வாசனை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. மெரூன் கலர் வெல்வெட் கோட்டு. காலரில் தைத்த ஜிகினா கழுத்தை அறுக்கும்.

அந்தக் கோட்டை நான் ஒரே ஒரு மதியம்தான் போட்டேன். ஆனால் இந்த ஒரு வாரமாக அது என் உடம்பில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

காரணம், டிவி. மாரிகுப்பம் சகோதரர்களின் கதையைத் தொடராக எடுத்து, ஞாயிறுதோறும் காலையில் போடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்... கோலார் தங்கவயல் பக்கத்திலிருந்து வந்த ஐந்து அண்ணன் தம்பிகள். பாட்டு, அக்கார்டியன், டிரம்ஸ் எல்லாம் வீட்டு ஆட்களே. அவர்கள் வருகிறார்கள் என்றால் கன்டோன்மென்ட்டில் பஸ் ஓடாது. டிரைவரும் கண்டக்டரும் இறங்கி வந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நீலசந்திராவில் ஒரு மைக்செட் கடையில் வேலை. படிப்பு எட்டாவது. எட்டாவதையே மூன்று வருஷம் படித்ததால் பத்தாவது என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு தோளில் ஆம்ப்ளிஃபயர், மறு தோளில் குழாய் ஸ்பீக்கர், காக்ஸ் டவுன் வரைக்கும் நடந்தே போவேன்.

சரி, பாதி தூரம் ஆட்டோ.

அன்றைக்குக் காக்ஸ் டவுனில் ஒரு சர்ச் ஹாலில் நிகழ்ச்சி. ஐயாயிரம் பேர். ஹாலில் முந்நூறு நாற்காலிதான் இருந்தது, மிச்சப் பேர் மதில் மேல்.

திரை தூக்க அரை மணி நேரம் இருக்கும்போது நாலாவது தம்பிக்குப் பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் பன் மாதிரி. வாசலில் ஐந்து முகம் எழுதிய பேனர் தொங்குகிறது. ஐந்து பேருக்கு ஒருத்தர் குறைந்தாலும் மேடை ஏறுவதில்லை என்பது அவர்கள் வைராக்கியம்.

பெரியண்ணன் சுற்றிலும் பார்த்தார். கண் என் மேல் நின்றது. என் முகத்தில் இருந்த கலைக்களையைக் கண்டுகொண்டார்.

"டேய் மைக்செட்டு, இங்க வா. இந்தக் கோட்ட மாட்டு."

மாட்டினேன். கச்சிதம்.

"இன்னிக்கு நீதான் என் தம்பி. வாயத் தொறக்காத. இத மட்டும் ஆட்டு."

கையில் இரண்டு மராக்கஸ் கொடுத்தார். கைப்பிடி போட்ட குடுக்கை. உள்ளே விதை இருக்கும், குலுக்கினால் சக்கு சக்கு என்று சத்தம் வரும்.

அன்றைக்கு நான் வாசித்த வாசிப்பைப் பற்றி உங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று உண்டு, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். முதல் பாட்டு ஆரம்பித்தது, நான் குலுக்கினேன்... சத்தமே வரவில்லை. உள்ளே இருந்த விதையையெல்லாம் பெரியண்ணன் முன்னாடியே கொட்டிவிட்டிருந்தார். தாளம் தெரியாதவன் கையில் சத்தத்தைக் கொடுக்க அவர் என்ன பைத்தியமா?

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இடது காலைப் பின்னால் இழுத்து, முட்டியை மடக்கி, ஒரே சுற்று. இரண்டு குடுக்கையும் தலைக்கு மேலே.

விசில்! மார்க்கெட்டில் கூண்டுக் கோழியெல்லாம் எழுந்து நின்றதாம், கறிக்கடைக்காரர் பிறகு சொன்னார்.

அதற்கப்புறம் எந்த ஊர் மேடையிலும் ஜனம் அந்தச் சுற்றைக் கேட்டது. நாலாவது தம்பி, பாவம், குணமாகி வந்து அதைக் கற்றுக்கொண்டு ஆடினார். கடைசியில் அதுவே அவர் அடையாளம் ஆகிவிட்டது.

நாற்பது வருஷமாக நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஊர் நம்பாவிட்டால் போகட்டும். என் வீட்டுக்காரி பிலோமினா, நான் ஆரம்பித்தாலே குக்கரைப் பார்க்க எழுந்து போய்விடுவாள். "ஆமாங்க, நீங்கதான்" என்று அவள் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியது. டிவியிலேயே வந்துவிட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்?

போன வாரம் விளம்பரத்தில் அந்த ஹாலைக் காட்டினார்கள். அவ்வளவுதான். உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் வாசல், வாசலிலிருந்து முனிராஜு டீக்கடை, அங்கிருந்து திரும்ப வீடு. ஒரு டீயை முழுசாகக் குடிக்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டேன்.

ஞாயிறு வந்தது. முனிராஜு கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து என் சோபாவில் உட்கார்ந்தான்.

ஹால் வந்தது. மெரூன் கோட்டு வந்தது. நாலாவது தம்பி கொழுகொழு ஆரோக்கியத்தோடு மேடையில் நிற்கிறார்! பொன்னுக்கு வீங்கியும் இல்லை, மைக்செட்டுக்காரனும் இல்லை. அந்தச் சுற்று அவர் அப்பாவிடம் சிறு வயதில் கற்றதாம். சக்கு சக்கு என்று குலுக்கிக்கொண்டு சுற்றினார்.

"எல்லி குரு நீனு?" என்று கன்னடத்தில் கேட்டான் முனிராஜு. "நானும் கண்ணாடி போட்டுத் தேடுறேன், எங்கப்பா இருக்கே? ஸ்பீக்கர் குழாய்க்குள்ளயா?"

எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். ஜன்னலைத் திறந்தேன், மூடினேன்.

சமையலறைக் கதவில் சாய்ந்தபடி பிலோமினா சொன்னாள்: "தப்பா ஆடுறான்."

"யாரு?"

"டிவில ஆடுறானே, அவன்தான். எடது காலதானே மொதல்ல இழுக்கணும்? அதுல சத்தம் வேற வருது! அன்னிக்கு வெறும் குடுக்கைதானே? நானும் எங்க அக்காவும் மூணாவது வரிசைல உக்காந்து விழுந்து விழுந்து சிரிச்சோம்."

வெறும் குடுக்கை... அதை நான் அதுவரை ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை.

"நீ அங்க இருந்தியா?"

"எங்க சர்ச்சு ஹாலு. நான் இல்லாம? பொண்ணு பாக்க வந்தப்பவே கண்டுபிடிச்சிட்டேன், இந்த ஆளுதான்னு."

"இத்தன வருஷமா ஏன்டி சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? நீங்கதானே பேசிட்டே இருந்தீங்க."

முனிராஜு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினான். அவள் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தை அணைத்தாள்.

"சரி, ஆடுங்க. அவரும் பாக்கட்டும்."

அப்போது கையில் சத்தம் இல்லை, காலில் இருந்தது. இப்போது வாய் நிறையச் சத்தம், முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. இடது காலை இழுத்தேன். பாதிச் சுற்றில் சோபாவைப் பிடித்துக்கொண்டேன்.

முனிராஜு விரலை மடக்கி ஒரு விசில் அடித்தான்.

ஒன்றுதான் அடித்தான். நீங்கள் ஐயாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.