ஏலக்காய் குடோனில் பதினெட்டாம் நூற்றாண்டு

ஏலக்காய் பொறுக்குற சோலியில கண்ணுக்கு வேலை இருக்கு, விரலுக்கு வேலை இருக்கு, வாய் மட்டும் நாள் பூராவும் சும்மாதான் கெடக்கும். போடியில ஒரு குடோன்ல காயக் கொட்டுன சுளகு மொறத்துக்கு முன்னால உக்காந்து, காம்பக் கிள்ளிப்போட்டு, வெடிச்ச காயத் தனியா, வெளுத்த காயத் தனியா ஒதுக்குற வேலை என்னோடது.

தபால்ல எம்.ஏ. ஆங்கிலம் சேந்து, மத்ததெல்லாம் பாஸாகி, ஒரே ஒரு பேப்பர் மட்டும் கழுத்தப் பிடிச்சுத் தொங்குற என் சக பாவிகளே, இது உங்களுக்காக. எனக்குத் தொங்குனது பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கியம். கைடை மனப்பாடம் பண்ணி ரெண்டு தடவ எழுதுனேன், ரெண்டு தடவயும் ஊத்திக்கிச்சு. சிலமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல, "பட்டத்தோட வாங்க, ஜூன்ல ஆறாங்கிளாஸ் இங்கிலீஷ் உங்களுக்குத்தான்"னு சொல்லி வச்சிருந்தாங்க. இந்தத் தடவயும் விட்டா அந்த எடத்துல வேற ஆள் உக்காந்துரும். ஞாயித்துக்கிழமை வகுப்பு எடுக்குற சாரு, "இப்பவாச்சும் கைடத் தூக்கிப் போட்டுட்டு புஸ்தகத்தப் படிம்மா"ன்னாரு. சரி, ஒரு கை பாத்துருவோம்னு எறங்கிட்டேன். அந்தக் காலத்துப் புஸ்தகமெல்லாம் போன்ல சும்மாவே கெடைக்குது. யாரும் படிக்கிறதில்லங்கிற தைரியத்துல போட்டு வச்சிருப்பாங்க போல.

ஒரே ஒரு வாக்கியம்

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல குடோன் வாசல்ல உக்காந்து மொத பக்கத்தத் தொறந்தேன். அந்த நூற்றாண்டு ஆளுங்களுக்கு முற்றுப்புள்ளின்னா ஆகவே ஆகாது. கால்புள்ளி, அரைப்புள்ளி, ஒரு கோடு, மறுபடியும் அரைப்புள்ளின்னு போயிக்கிட்டே இருக்காங்க. எழுவாயக் கையில பிடிச்சுக்கிட்டு நான் பயனிலையத் தேடிப் போனா, வழியில ஒரு பிரபுவுக்கு வணக்கம், ஒரு நீதிபோதனை, ஒரு பெருமூச்சு எல்லாம் வந்துட்டுப் போகுது. தூக்குல இருந்த சோத்தத் தின்னேனா இல்லையான்னே நெனப்பில்ல.

கணக்கப்பிள்ளை அண்ணன் எட்டிப் பாத்து, "போன்ல அப்படி என்ன தாயி பாக்குற?"ன்னு கேட்டாரு. "ஒரு வாக்கியம் படிக்கிறேண்ணே"ன்னேன். அவரு போயி, லாரியில இருந்த மூட்டைய எல்லாம் எறக்க வச்சு, எடை போட்டு, டீயும் குடிச்சிட்டுத் திரும்பி வந்தாரு. நான் அதே வாக்கியத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன்.

"லோடே எறங்கி முடிஞ்சிருச்சு தாயி, உனக்கு ஒரு வாக்கியம் இன்னும் முடியலையா?"

வெள்ளைத்தாயி

படிச்சது மண்டையில தங்கணும்னா யாருக்காச்சும் திருப்பிச் சொல்லணும். எனக்குப் பக்கத்துச் சுளகு பாண்டியம்மாக்கா. வயசுல மூத்தவங்க, அந்த வரிசையில அவங்க சொல்றதுதான் சட்டம். வாய் சும்மாதானே இருக்குன்னு பாடத்துல இருந்த பெரிய நாவல அவங்ககிட்ட சொல்ல ஆரம்பிச்சேன். முழுசும் கடுதாசியாவே எழுதுன நாவல். அப்பா அம்மா இல்லாத ஒரு பொண்ணு, சித்தப்பன் வீட்டுல இருக்கா. சொத்து அவ பேருல, சாவி அவன் கையில. தனக்கு வேண்டிய ஒரு கெழட்டுப் பிரபுவுக்கு அவளக் கட்டி வச்சு நெலத்த அமுக்கப் பாக்குறான் சித்தப்பன். அவ முடியாதுங்கிறா. ரூமுக்குள்ள பூட்டி வச்சும் மசியாம, தோழிக்குக் கடுதாசியா எழுதித் தள்ளுறா.

அந்தப் பொண்ணோட இங்கிலீஷ் பேரு எங்க வரிசையில யாரு வாயிலயும் நுழையல. வெள்ளைத்தாயின்னு வச்சுக்கிட்டோம். அதுக்கப்புறம் காலையில நான் உள்ள வந்ததுமே, "வெள்ளைத்தாயி எந்திரிச்சாளா?"ன்னுதான் கேப்பாங்க. அவ எழுதுன உருக்கமான கடுதாசி ஒண்ண ஒருநா அப்படியே தமிழ்ல சொன்னேன். எனக்கே கண்ணு கலங்கிருச்சு. பாண்டியம்மாக்கா மட்டும் கையில இருந்த காய உருட்டிக்கிட்டே யோசிச்சாங்க.

"கடுதாசி எழுதுறது கெடக்கட்டும்டி, பட்டா யாரு பேருல இருக்குன்னு தாலுகா ஆபீசுல போயிப் பாத்தாளா இல்லையா?"

மயக்கம்

அந்த நூற்றாண்டுப் பொண்ணுங்ககிட்ட ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்கல. எதுக்கெடுத்தாலும் மயங்கி விழுந்துருவாங்க. கடுதாசி வந்தா மயக்கம், வரலைன்னாலும் மயக்கம். கதவப் படார்னு சாத்துனா போதும், சோபாவுல சாஞ்சிருவாங்க. சாருகிட்ட கேட்டதுக்கு, "மென்மையான மனசுக்கு அதுதாம்மா அடையாளம், அந்தக் காலத்துல அது ஒரு பெருமை"ன்னாரு. பரீட்சைக்கு ஆகுமேன்னு நானும் அத அப்படியே குடோன்ல ஒப்பிச்சுப் பாத்தேன்.

ஒருத்தரும் ஒத்துக்கல. கண்ணு பட்டிருக்கும்னு ஒரு கட்சி. முழுகாம இருக்காளோன்னு இன்னொரு கட்சி கிசுகிசுத்துச்சு. கல்யாணமே ஆகலைன்னு நான் வெள்ளைத்தாயிக்காகச் சண்டை போட வேண்டியதாப் போச்சு. கடைசியில பாண்டியம்மாக்காதான் தீர்ப்பு சொன்னாங்க.

"அவளுக்கு ஒடம்புல ரத்தமே இல்லடி. ரெண்டு இட்லியத் தின்னுட்டு அப்புறமா எழுதச் சொல்லு."

மலைப் பாட்டு

எங்க வீட்டுக்காரரு எஸ்டேட்டுக்கு ஜீப்பு ஓட்டுறாரு. ஒரு லீவு நாள்ல மலைமேல இருக்குற நாத்தனா வீட்டுக்கு அவரு கூடவே கெளம்புனேன். ஜீப்புல ஆளும் இருந்துச்சு, உர மூட்டையும் இருந்துச்சு. போற நேரத்த எதுக்கு வீணாக்கணும்னு, பாடத்துல இருந்த மலைப் பாட்டு ஒண்ண எடுத்துக்கிட்டேன். செங்குத்துப் பாறை, கிடுகிடு பள்ளம், மேகம், அதுக்கு நடுவுல நின்னு நடுங்குறதுலயே ஒரு ஆனந்தம்னு பக்கம் பக்கமாப் பாட்டு.

போடிமெட்டு வளைவுல தலை சுத்தி, கொடலப் பெரட்டிக்கிட்டு வந்துச்சு. ஆனாலும் போன கீழ வைக்கல. மேகம் எறங்கி முன்னாடி போற வண்டியோட சிவப்பு வெளிச்சம்கூட மறைஞ்சு போச்சு. நான் சத்தமாப் படிச்சு அவருக்குத் தமிழ்ல அர்த்தமும் சொன்னேன். பாட்டுல சொன்ன எல்லாமே கண்ணு முன்னாடி இருந்துச்சு, ஆனந்தம் மட்டும் வரவே இல்ல. எனக்குப் பாட்டுல ஏதும் புரியலையோன்னு பயம் வந்துருச்சு. அவரு ஸ்டியரிங்க ஒடிச்சுக்கிட்டே சொன்னாரு:

"அந்தாளு சன்னல் வழியா மலையப் பாத்திருப்பான். மூட்டையோட ஒருக்கா என் வண்டியில வரச் சொல்லு, ஆனந்தம் எந்த வளைவுல வருதுன்னு காட்டுறேன்."

காப்பிக் கடைக் கட்டுரை

அந்தக் காலத்துல லண்டன்ல காப்பிக் கடையில உக்காந்துதான் பாதிக் கட்டுரைய எழுதியிருக்காங்க. அதுல ஒண்ணு சரக்கு வியாபாரத்தப் பத்தி. எந்தெந்த தேசத்துல இருந்தோ பழமும் துணியும் வாசனைச் சாமானும் கப்பல்ல வந்து எங்க மேசை நெறையுதுன்னு ஒரே பூரிப்பு. எழுத்து என்னமோ அருமையான எழுத்துதான். படிச்சப்ப எனக்கும் சிரிப்பு வந்துச்சு, ரசிச்சேன்.

மறுநா அத வரிசையில சொன்னேன். நம்ம பக்கத்து மலையிலருந்து காயி, மொளகு எல்லாம் அப்பவே கப்பலேறிப் போச்சுக்கான்னதும் எல்லாருக்கும் குஷி. நம்ம காய வெள்ளக்காரன் என்ன விலைக்கு வாங்குனான்னு கூடச் சண்டை. அந்தச் சத்தம் அடங்குனதும் பாண்டியம்மாக்கா ஒண்ணு கேட்டாங்க. அன்னிக்கு எனக்கு அந்த எழுத்தாளர் மேல உள்ளபடியே கோவம் வந்துருச்சு. ஆனா பரீட்சையில அவரப் பத்தி மனசு வச்சு எழுதுனதும் அந்தக் கோவத்துலதான்.

"சரக்கு வந்த கப்பலப் பத்தி இம்புட்டு எழுதுனவரு, அதப் பொறுக்குனது யாருன்னு ஒரு வரி எழுதலையாக்கும்?"

லீவு

பரீட்சை தேனியில, ஒரு சனிக்கிழமை. காய் வரத்து உச்சத்துல இருந்த வாரம். மூட்டை கூரையத் தொடுது, ஆளுக்கு ரெண்டு சுளகு. எனக்கோ வெள்ளைத்தாயி நாவல்ல கடைசிப் பாகம் அப்படியே பாக்கி. வேற வழியில்லாம தூக்கிப் போட்ட கைட மறுபடி எடுத்தேன். கடைசிப் பாகத்துக்கு அதுல ஒரே ஒரு வரி போட்டிருந்தாங்க, கடைசியில அறம் ஜெயிக்குதுன்னு. அதப் பாடம் பண்ணிக்கிட்டேன்.

கணக்கப்பிள்ளை அண்ணன் முன்னாடி போயி, "சனிக்கிழமை நான் வரலண்ணே"ன்னேன். "லீவு கேக்குறியா?"ன்னாரு. "கேக்கலண்ணே, சொல்லிட்டுப் போறேன்." வேலையவிட்டு நிப்பாட்டுனாலும் சரி, அந்தப் பரீட்சைய எழுதியே ஆகணும்னு நின்னேன். அவரு மூட்டையப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு.

"போயிட்டு வா தாயி, ஆனா இந்த நூற்றாண்டோட முடிச்சிரு, அடுத்த நூற்றாண்டுக்கெல்லாம் என்னால லீவு குடுக்க முடியாது."

ரிசல்ட்டுக்கு அப்புறம்

பாஸாயிட்டேன். போன்ல ரிசல்ட்டுப் பக்கத்தத் தொறந்து பாத்துட்டு, நம்பாம மூடி, திரும்பத் தொறந்து பாத்தேன். பள்ளிக்கூடத்துல இருந்து ஆர்டரும் வந்துருச்சு. லட்டு வாங்கிக்கிட்டு குடோனுக்குப் போனேன். பாண்டியம்மாக்கா ஏலக்காய் வாசத்தோட என்னையக் கட்டிப் பிடிச்சு, "எங்க வரிசையில ஒரு டீச்சரு"ன்னு அழுதுட்டாங்க. இந்த வரிசைய விட்டுட்டுப் போறது இம்புட்டுக் கஷ்டமா இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல.

கண்ணத் தொடச்சிட்டு, "சரி, வெள்ளைத்தாயி என்ன ஆனா? அதச் சொல்லிட்டுப் போ"ன்னாங்க. "நல்லபடியா முடியுதுக்கா"ன்னேன். "நல்லபடியான்னா எப்படி? நெலம் கைக்கு வந்துச்சா? சித்தப்பன் ஜெயிலுக்குப் போனானா? யாரக் கட்டிக்கிட்டா?" வரிசையில எல்லாக் கையும் நின்னு போச்சு. கணக்கப்பிள்ளை அண்ணன்கூட எடை மெஷின விட்டுட்டு வந்து நின்னாரு. கைடுல இருந்த அந்த ஒரு வரிய விட்டா எங்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. கடைசிப் பாகத்த இன்னும் படிக்கலக்கான்னு ஒடைச்சுச் சொல்லிட்டேன். பாண்டியம்மாக்கா லட்டக் கீழ வச்சாங்க.

"அவள ரூமுக்குள்ளயே பூட்டிப் போட்டுட்டு வந்திருக்க, உனக்கு எப்படிடி பாஸ் போட்டாங்க?"

பல்கலைக்கழகம் கேக்காத கேள்விய பாண்டியம்மாக்கா கேட்டுப்புட்டதால, பாஸான பேப்பருக்கு இப்பத்தான் நான் ஒழுங்காப் படிச்சுக்கிட்டிருக்கேன், சனிக்கிழமையானா குடோனுக்குப் போயி ஒப்பிச்சிட்டும் வர்றேன்.