வட்டக் கையெழுத்து

அந்த ஞாயிற்றுக்கிழமை பேப்பரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தங்கவயல் சுரங்கம் மூடி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. பெங்களூரில் எல்லோரும் வாங்கும் இங்கிலீஷ் பேப்பரில் அரைப்பக்கக் கட்டுரை, ‘ஆளில்லாத ஊர்’ என்று தலைப்பு. கூடவே பெரிய போட்டோ. அதில் இருந்தது எங்கள் லைன் வீடு. கொடியில் காய்ந்தது என் அம்மாவின் புடவை. ஆளில்லாத ஊரில் புடவையை யாரப்பா துவைத்துப் போட்டது?

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கத்து வீட்டு டீச்சர் படித்துச் சொல்லியிருக்கிறார். ஜோகுபாளையத்தில் நான் குடியிருந்த வீட்டுக்கு போன் போட்டு ஒரே சத்தம். “நான் இன்னும் சாவலடி! இருக்கேன்னு அதே பேப்பர்ல போடச் சொல்லு. என் பேரோட போடச் சொல்லு.”

எங்களுக்கென்று ஒரு மெயில் குரூப் இருந்தது. சுரங்கத்தில் வேலை செய்த தலித் குடும்பங்களின் பிள்ளைகள், பெங்களூரில் ஆளுக்கொரு மூலையில் இருந்தோம். எங்களைப் பற்றிப் பேப்பரில் எது வந்தாலும் குரூப்பில் கிழிகிழியென்று கிழிப்போம். பேப்பருக்கு ஒரு வரி எழுதிப் போட்டவர் கிடையாது.

சரி, நான் எழுதுகிறேன் என்று அல்சூர் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து பத்து வரி எழுதி குரூப்பில் போட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். தலித் என்று போடு என்றார் ஒருவர். வேண்டாம், தொழிலாளி என்றால் போதும் என்றார் இன்னொருவர். பௌத்தர்களை ஏன் விட்டாய், கிறிஸ்தவர்கள் எங்கே என்று அடுத்த ரகளை. அய்யோ சாமி! ஆறு வாரத்தில் பத்து வரி நாலு பக்கமானது. அம்மாவின் பெயர் எந்தப் பக்கத்திலோ விழுந்துபோனது.

அதைவிடக் கொடுமை கையெழுத்து. எங்கள் அப்பாக்கள் நிர்வாகத்துக்கு மனு கொடுத்தால் கையெழுத்தை வரிசையாகப் போடமாட்டார்கள். நடுவில் மனு, சுற்றிலும் வட்டமாகக் கையெழுத்து. முதலில் போட்டவன் யாரென்று தெரிந்தால் அவனுக்குத்தான் முதலில் வேலை போகும். எங்கள் பயம் வேறு. ஆபீசில் ஊர் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். பொம்மசந்திராவில் என் கம்பெனியில் நான் வேலூர்ப் பக்கம் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். எதிலும் ஒத்துப்போகாத குரூப் இதில் மட்டும் ஒத்துப்போனது. வட்டம்தான்.

அல்சூர் ஏரிக்கரையில் கூடி, எவருக்கும் புரியாதபடி சுற்றிச் சுற்றிக் கிறுக்கி, அதை ஸ்கேன் செய்து அனுப்பினோம். என் கிறுக்கல் எதுவென்று எனக்கே தெரியவில்லை. பேப்பரிலிருந்து பதில் இரண்டே வரி. எழுதியது யார்? பெயரும் முகவரியும் இல்லாத கடிதங்களை நாங்கள் போடுவதில்லை.

குரூப் மறுபடி பேப்பரைக் கிழித்தது. நானும் சேர்ந்துகொண்டேன். அந்த வாரம் ஊருக்குப் போனபோது அம்மாவிடமும் அதே பாட்டைப் பாடினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“அவன் ஆளே இல்லைன்னு எழுதினான். நீ பேரே இல்லாம அனுப்பியிருக்க. அவனை மட்டும் என்னாத்துக்குடி திட்டுற?”

வந்த கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிட்டேன். பங்காருப்பேட்டை தாண்டும்போதுதான் அவள் கேட்டது நியாயம் என்று உறைத்தது.

மறுநாள் யாரையும் கேட்காமல் மூன்று வரி எழுதினேன். அந்த வீடு எங்களுடையது. அதில் என் அம்மா இருக்கிறார். அவர் பெயர் இது. கீழே என் பெயர், சுரங்கத்துக்குள் முப்பது வருஷம் வேலை செய்த அப்பாவின் பெயர், முகவரி. அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

அச்சில் வந்தது. தலித் என்ற சொல் எங்கே என்று குரூப்பில் சண்டை. கம்பெனி பஸ்ஸில், இரண்டு வருஷமாக என் டிபன் பாக்ஸில் பங்கு கேட்டவள், “வேலூர்னு சொன்னீங்களே?” என்றாள்.

“இல்ல, தங்கவயல்” என்றேன்.

அன்றைக்கு மதியம் அவள் வேறு மேஜைக்குப் போய்விட்டாள்.

அதை அம்மாவிடம் சொல்லவில்லை. பேப்பரை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் பெயர் எதுவென்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

“இத்தனூண்டுதானா? இதுக்காடி ரெண்டு மாசம்?”