வெறுங்காலோடு வாங்க

நாகல் நகரில் எங்கள் அத்தாவுக்கு ஒரு செருப்புக்கடை இருந்தது. நாலு பேர் உள்ளே உட்கார்ந்து செருப்பு போட்டுப் பார்த்தால் ஐந்தாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். அப்படி யாரும் நிற்க நேர்ந்ததில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏசி போட்ட பெரிய கடை ஒன்று திறந்த பிறகு, அத்தா மத்தியானங்களில் அட்டைப்பெட்டிகளைத் துடைப்பார். துடைத்து முடித்ததும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

விளம்பரம் இல்லாததுதான் குறை என்று கண்டுபிடித்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அவர் சொல்லி, தெர்மாகோலில் ஆளுயரச் செருப்பு ஒன்று செய்து கடைக்கு மேலே கட்டினார்கள். ஆடிக்காற்று அதைப் பிய்த்து எதிர்ச்சாரி மருந்துக்கடையின் போர்டில் கொண்டுபோய்ச் சொருகியது. அத்தா ஏணி வைத்து ஏறித் துண்டு துண்டாக எடுத்துவந்தார். இனி போதும் என்றுதான் இறங்கும்போது சொன்னார். ஆனால் மாமாவிடம் அடுத்த யோசனை இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை திறந்ததிலிருந்து மத்தியானம் லுஹர் தொழுகை வரைக்கும், செருப்பில்லாமல் வருகிறவர்களுக்கு ஒரு ஜோடி இலவசம்.

“இந்தக் காலத்துல செருப்பில்லாம யாரு மச்சான் இருக்கா? பத்துப் பேரு வருவாக. வேடிக்கை பாக்க நூறு பேரு வருவாக. அவுக வாங்குவாக” என்றார் மாமா.

அத்தா துடைத்த பெட்டியை அடுக்கில் வைத்துவிட்டு, “சரி, இதையும் பாத்துருவோம்” என்றார்.

அறிவிப்புக்கு என் குரலைத்தான் மாமா தன் செல்போனில் பதிவுசெய்தார். ‘வெறுங்காலோடு வாங்க, புதுச்செருப்போடு போங்க.’ ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி அதை ஊரெல்லாம் போட்டார்கள். நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த ஞாயிறன்று நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கடைவாசலில் கூட்டம் நின்றது. ஒருவர் காலிலும் செருப்பில்லை. பைக்கில் வந்தவர்கள் கழற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கரும்புச்சாறு வண்டிக்கு அடியில் செருப்புகள் குவிந்து கிடந்தன. தாடிக்கொம்பிலிருந்து ஒரு குடும்பமே பஸ் ஏறி வந்திருந்தது. வெயில் ஏற ஏறத் தார் ரோடு சுட்டது. வெள்ளைவேட்டி கட்டிய பெரிய மனிதர்கள் எல்லாம் ஒரு காலைத் தூக்கி மறுகாலை ஊன்றி, ஆனால் வரிசையை விடாமல் நின்றார்கள்.

முதலில் விலை குறைந்த ரப்பர் செருப்புகள் தீர்ந்தன. கூட்டம் உள்ளே நெருக்கியதில் தோல் செருப்புகளும் போயின. போக்குவரத்து நின்றுபோய் போலீஸ்காரர் ஒருவர் வந்தார்.

“யாருய்யா ஓனரு? ஷட்டரை எறக்கு.”

அத்தா இறக்கினார். உள்ளே மிஞ்சியிருந்தவை பெரும்பாலும் ஒற்றைச் செருப்புகள். மறுநாள் சிலர் திரும்பி வந்தார்கள். “பாய், ரெண்டுமே இடது காலா இருக்கு, மாத்திக் குடுங்க” என்றார்கள். அத்தா கோபப்படவில்லை. தரையில் உட்கார்ந்து ஜோடி தேடிக் கொடுத்தார்.

பிறகு யாரும் வரவில்லை. நாகல் நகரில் எல்லார் காலிலும் செருப்பு புதிதாக இருந்தது.

“ஊருக்கே போட்டுவிட்டாச்சு. இனி எவுகளுக்கு விப்பீக?” என்று அம்மா கேட்டாள். மாமா கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. வழியில் போகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் அத்தாவிடம் சொல்வேன்: இட்லிக்கடை அக்கா நம்ம செருப்பு, தபால்காரர் நம்ம செருப்பு. “அப்படியாம்மா” என்பார். ஒருநாள் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, “போதும் கண்ணு. அத்தாகிட்ட இனி இதெல்லாம் சொல்லாத” என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, தட்டைக் கழுவி வைக்கச் சொன்னாள்.

அடுத்த மழைக்காலத்தில் கடையைக் காலி செய்தோம். அத்தா பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பெரிய கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். நீலச்சட்டை, நெஞ்சில் பெயர் எழுதிய பட்டை. அவருக்கு அது எடுப்பாக இருப்பதாக எனக்குப் பட்டது. சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, தன் முழங்கால்களைத் தானே பிடித்துவிட்டுக்கொள்வார்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் ஓடிவந்து சொன்னேன்.

“எங்க டீச்சர் இன்னைக்குப் புதுச்செருப்பு போட்டு வந்தாங்க அத்தா. உங்க கடையில வாங்குனாங்களாம். நீங்கதான் கீழ உக்காந்து மாட்டிவிட்டீங்கன்னு கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னாங்க.”

அத்தாவின் கை முழங்காலில் நின்றது. “சொன்னாகளா?”

“ஆமா. எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க. இப்ப அதுவும் நம்ம கடைதான, அத்தா?”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அத்தா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

“ஆமாம்மா” என்றார். “டீச்சருக்குக் கடிக்காம இருக்குதான்னு கேட்டுட்டு வா.”

மறுநாள் கேட்டு வந்தேன். கடிக்கவில்லையாம். அதைச் சொன்னபோது அத்தா தலையாட்டினார். நல்ல சேதி சொல்லிவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.