மூன்றாவது கூப்பாடு

என் வீட்டுக்காரருக்கு எந்தக் காது கேட்காது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இடது காது. கடைத்தெருவுக்குப் போனால் நான் அவருக்கு வலது பக்கமாகத்தான் நடப்பேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தைவிட அவருடைய நல்ல காதுதான் எனக்கு முக்கியம். திட்ட வேண்டும் என்றால் மட்டும் இடது பக்கம் போவேன். ஒன்பது வருஷமாக அவருடைய பரம்பரையையே அந்தக் காதுக்குள் கொட்டியிருக்கிறேன். மனசாரத் திட்டிவிட்டு முன்னால் வந்து, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்பேன். அவரும் ஒன்றும் தெரியாதவர் மாதிரி சிரித்துக்கொண்டே குடிப்பார்.

அவர் பெயர் வேலுசாமி. எழுதத்தான் முடிகிறது, வாயால் சொல்லிப் பழக்கமில்லை. யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் பதினாறு வருஷமாகக் காவல் வேலை. தோட்டத்துச் சம்பளம் இல்லை. கொழும்பில் உள்ள ஒரு செக்கியூரிட்டி கம்பனியின் ஆள். நீலச் சட்டை, தொப்பி, விசில். முன்பு ரப்பர் மலையில், மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பால் களவு போகாமல் பார்த்துக்கொண்டார். ஒன்பது வருஷமாக ரப்பர் ஸ்டோர் கேட்டில் நிற்கிறார். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறார், அதே சாதாரண காவல்காரராக.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. ரப்பர் மலைக்குள் நடக்கும்போது பின்னாலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பக் கூடாது. மனுசர் கூப்பிட்டால் மூன்று தடவை கூப்பிடுவார்கள். பேய் பிசாசு மாதிரி மற்றதுகளுக்கு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட வராது. மூன்றாவது கூப்பாடு வந்த பிறகுதான் திரும்ப வேண்டும். வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள். ரப்பர் மலைக்குள் பட்டப்பகலில் ஒரு தடவை தனியாக நடந்து பார்க்கட்டும். எல்லா மரமும் ஒரே மாதிரி, எல்லா மரத்திலும் ஒரே மாதிரி வெட்டு, பால் வடிய ஒரே மாதிரி சிரட்டை. எந்த மரத்துக்குப் பின்னால் யார் என்று தெரியாது. சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எனக்கும் இதே லயத்தில் வளர்ந்த என் வீட்டுக்காரருக்கும் இந்தப் பாடத்தை மண்டையில் ஏற்றியது என் அக்கா இருளாயி. "மூணாவது கூப்பாடு வராம திரும்புன, கால ஒடிச்சிருவேன்" என்பாள்.

அந்த அக்காதான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓடையில் போய்விட்டாள்.

வைகாசி மாதம். பால் எடுக்கிற மத்தியான நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அக்கா பால் வாளியோடு ஓடையைக் கடந்திருக்கிறாள். நடுவில் இருக்கிற கல்லில் கால் வழுக்கியிருக்க வேண்டும். அடுத்த நாள் காலையில் கீழே இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் கிடைத்தாள். ஓடையிலிருந்து முப்பது யார் தூரத்தில் காவல்காரருடைய தகரக் குடில். அன்றைக்கு அங்கே டியூட்டியில் இருந்தவர் என் வீட்டுக்காரர்.

கம்பனியிலிருந்து விசாரிக்க வந்தார்கள். முப்பது யார் தூரத்தில் ஒரு பொம்பளை கத்தியது கேட்கவில்லையா என்று கேட்டார்கள். "எனக்கு இடது காது கேக்காதுங்க சேர். வாலிபத்துல கல்லு வெடி வச்ச எடத்துல போயிருச்சு. ஓடை இடது பக்கம்" என்றார். எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டார். வெடிச் சத்தத்தில் ஒரு காலத்தில் காது இரைந்துகொண்டே இருந்ததாக அவர் சொன்னது எனக்கும் ஞாபகம் இருந்தது. இத்தனை காலம் என்னிடம்கூட மறைத்து வைத்திருந்தாரே, வேலை போய்விடும் என்று பயந்தாராக்கும் என்று எனக்கு இரக்கமாகப் போயிற்று. பாவம் பார்த்து ஸ்டோர் கேட்டுக்கு மாற்றினார்கள்.

அக்காவின் முப்பதாம் நாள் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இடது காதைத் தடவிக்கொண்டே சொன்னேன். "ஒரே ஒரு தடவ இந்தக் காது கேட்டிருந்தா எங்கக்கா இருந்திருப்பா." கேட்காத காது என்பதால்தான் சொன்னேன். கேட்கிற காதில் யாராவது அப்படிச் சொல்வார்களா?

அதற்குப் பிறகு அவரிடம் சில பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. வீட்டில் நாங்கள் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைதான் திரும்புவார். மகள் சுமித்ராவும் அதைப் பழகிக்கொண்டு "அப்பா, அப்பா, அப்பா" என்று சேர்த்துத்தான் கூப்பிடுவாள். மழை பெய்கிற மத்தியானத்தில் லயத்து வாசலில் குந்தியிருப்பார், இடது காதைக் கையால் பொத்திக்கொண்டு. நான் ஒரு நாள் கேட்டேன்.

"கேக்காத காத எதுக்குங்க பொத்துறீங்க?"

"காத்து பூருது" என்றார்.

அன்றைக்கு ஒரு இலைகூட ஆடவில்லை. நான் உள்ளே போய் அடுப்பைப் பார்த்தேன்.

இந்த வருஷ ஆரம்பத்தில் ஸ்டோரின் ஓ.ஐ.சி வயது முடிந்து ஊருக்குப் போனார். காவலுக்கெல்லாம் பெரியவர் ஓ.ஐ.சிதான். அந்த இடத்துக்கு என் வீட்டுக்காரர் பெயர்தான் முதலில் இருந்தது. சம்பளம் கூடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். ஓ.ஐ.சிக்கு ஸ்டோருக்குப் பக்கத்தில், சமதரையில், கொங்கிரீட் சிலப் போட்ட குவாட்டர்ஸ் உண்டு. எங்கள் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது. மழைக்குப் பிறகு வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போகும். ஆபீஸ்காரர்கள் வந்து அளந்து, இங்கே இருக்கக் கூடாது என்று சுவரில் சிவப்புக் கடதாசி ஒட்டிவிட்டுப் போனார்கள். போக இடம் யார் கொடுப்பது என்று கடதாசியில் இல்லை. பெரிய மழை வந்தால் சுமித்ராவைக் கூட்டிக்கொண்டு ஸ்கூல் மண்டபத்துக்கு ஓடுவோம். மழை விட்டால் திரும்பி வந்து அதே மலைக்குக் கீழே சமைப்போம். அந்தக் குவாட்டர்ஸ் ஜன்னலுக்கு எத்தனை முழம் திரைச்சீலை வேண்டும் என்றுகூட நான் அளந்து வைத்திருந்தேன்.

கடிதம் சிங்களத்தில் வந்தது. ஸ்கூலில் சிங்களம் படிக்கிற சுமித்ராதான் வாசித்தாள். இடது காதுக் கேள்திறன் குறைபாடு காரணமாகப் பதவி உயர்வு வழங்க முடியாது. ஆதாரம், ஒன்பது வருஷத்துக்கு முன் அவரே கையெழுத்துப் போட்ட வாக்குமூலம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பனியின் ஏரியா ஆபீஸர் ஜவ்பர் நானாவுக்கு போன் போட்டேன். மாவனல்லைக்காரர், நல்ல மனிதர்.

"ஒரு காது கேக்காட்டி என்னா நானா? மத்தக் காதால பதினாறு வருசம் காவல் காத்தாரே, அது கண்ணுக்குத் தெரியலையா?"

"எனக்குத் தெரியும் தங்கச்சி. ஃபைல்ல அப்பிடி எழுதி ஈக்கிது, நான் என்ன செய்ய? ஒன்டு செய்யுங்க. காது டொக்டர்ட்டக் காட்டி ரிப்போட் எடுங்க. கொஞ்சமாவது கேக்குதுண்டு எழுதித் தந்தாப் போதும். மிச்சத்த நான் பாக்கிறேன்."

வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றார். "என்னாத்துக்கு லதா, விடு" என்றார். நான் விடவில்லை. பிரேமலதா ஒரு விஷயத்தைப் பிடித்தால் அட்டை மாதிரி என்று அவரே சொல்வார். பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதுகளில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். நான் வெளியே டெஸ்ட் எடுக்கிற மிஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றேன். வலது காதுக்குச் சத்தம் போட்டதும் டக் டக்கென்று அமுக்கினார். பிறகு இடது காது. மிஸ் ஒரு பொத்தானைத் தட்டினார். அவர் அமுக்கவில்லை. இன்னொரு தடவை தட்டினார். அமுக்கவில்லை. ஆனால் தட்டுகிற ஒவ்வொரு தடவையும் அவருடைய கண் இடது பக்கம் போய்விட்டு வந்தது. கட்டை விரல் பட்டன் மேலேயே நின்றது.

மிஸ் சிங்களத்தில் என்னிடம் சொன்னார். "அம்மா, இவருக்கு நல்லாக் கேட்குது. ஏன் அமுக்க மாட்டேன் என்கிறார்?" என்று. அடுத்த புதன்கிழமைக்கு வேறு ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். தலையில் வயர் ஒட்டி எடுப்பதாம். அதில் பட்டன் கிடையாது, ஆள் ஒன்றும் செய்யத் தேவையில்லை, காது தானாகவே சொல்லிவிடும் என்றார்.

பஸ்ஸில் நான் வழக்கம்போல அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு, எதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன் என்று யோசனை வந்தது. யட்டியாந்தோட்டையில் இறங்கினோம்.

தோட்டத்துக்கு ஏறும்போது மூன்று மணி இருக்கும். தூறல். ரப்பர் மலைக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. ஓடைக்குப் பக்கத்தில், பழைய தகரக் குடில் இருந்த இடத்தில், அவர் நின்றார்.

"பட்டன அமுக்கியிருந்தா என்னா ஆகியிருக்கும் தெரியுமா லதா?"

"என்னா ஆகும்? ஓ.ஐ.சி ஆகியிருப்பீங்க. புள்ளைய அந்த மலைக்கு அடியில இருந்து எடுத்திருக்கலாம்."

"அன்னைக்கு இருளாயிக்கா கூப்புட்டது எனக்குக் கேட்டுச்சுன்னு ஆகியிருக்கும்."

நான் ஓடையைப் பார்த்தேன்.

"இப்பிடித்தான் மழ. பகல்லயே இருட்டு. ஓடைப் பக்கமிருந்து 'வேலுசாமி'ன்னு கேட்டுச்சு. அக்கா கொரல்தான். அது நம்ம ஆளுக கொரல்லதான கூப்புடும்? திரும்பல. மறுபடியும் 'வேலுசாமி'ன்னுச்சு. மூணாவது வரட்டும்னு நின்னேன். வரல. அப்பாடா, தப்பிச்சோம்னு நெனச்சேன் லதா. எச்சியத் துப்பிட்டு உள்ள போயி உக்காந்துட்டேன்."

மழைத் தண்ணி அவர் முகத்தில் வழிந்தது. அழுதாரா என்று தெரியவில்லை.

"அன்னைலருந்து மழ பேஞ்சா கூப்புடுறா. இந்தக் காதுலதான். ரெண்டே தடவ. ஒன்பது வருசமா மூணாவதுக்குக் காத்திருக்கேன்."

சொல்லிவிட்டு முன்னால் நடக்க ஆரம்பித்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஒன்பது வருஷம் நான் திட்டிய திட்டெல்லாம் கேட்டிருக்கிறது. அது போகட்டும். அந்தக் காதைத் தடவிக்கொண்டு நான் சொன்னதும் கேட்டிருக்கிறது. கேட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை இன்ன மாதிரி என்று சொல்லத் தெரியாது. அக்காவுக்கு மூன்றாவது தடவை கூப்பிட வாய் வரவில்லை, வாய்க்குள் தண்ணி. இந்த மனுசனுக்கு ஒரு தடவை திரும்பிப் பார்க்க முடியவில்லை. அவரையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியவில்லை. எனக்கும் அவருக்கும் சேர்த்து அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவள் அவளே என்பதும் ஞாபகம் வந்தது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து சொல்லாத பெயரைச் சொன்னேன்.

"வேலுசாமி!"

நின்றார். திரும்பவில்லை. என் குரல் எனக்கே அக்கா குரல் மாதிரி இருந்தது. கூடப் பிறந்தவர்கள், அப்படித்தானே இருக்கும்.

"வேலுசாமி!"

இடது கை மேலே எழும்பியது, காதுக்குப் போகவில்லை, பாதியில் நின்றது. அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். இன்னொரு தடவை கூப்பிட்டால் போதும். திரும்புவார். நான் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம். புதன்கிழமை கூட்டிக்கொண்டு போகலாம். குவாட்டர்ஸுக்குத் திரைச்சீலை தைக்கலாம். வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். நில்லுங்க, நீங்களும் கொஞ்ச நேரம் மூணாவது வராம நின்னு பாருங்க என்று மனசுக்குள் சொன்னேன். அவ்வளவு கல்லாகத்தான் இருந்தது என் மனசு அப்போது.

தூறல் இலையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவர் திரும்பினார். என் பக்கம் இல்லை, ஓடைப் பக்கம்.

"வாறேன்க்கா" என்றார். தெரிந்தவர்கள் கூப்பிட்டால் சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சரிவில் கால் வைத்தார்.

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். லயத்து வாசல் வரும்வரை அந்தச் சட்டையை விடவில்லை. வழியெல்லாம் அவர் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டே வந்தார். "மூணாவது தடவையும் கூப்புட்டுட்டியே லதா, மூணாவது தடவையும் கூப்புட்டுட்டியே" என்றார்.

புதன்கிழமை டெஸ்டுக்கு அவரை நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆஸ்பத்திரித் துண்டுக் கடதாசியை அடுப்பில் போட்டேன். அந்தக் காது தானாகவே என்னவெல்லாம் சொல்லும் என்று யாருக்குத் தெரியும்? குவாட்டர்ஸில் இப்போது வேறு ஆள் இருக்கிறார். ஜவ்பர் நானா கேட்டதற்கு, "இடது காது சுத்தமாக் கேக்காதாம் நானா" என்று சொல்லிவிட்டேன். சுமித்ரா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. மழை வந்தால் இப்போதும் ஸ்கூல் மண்டபத்துக்குத்தான் ஓடுகிறோம். அவருடைய இடது பக்கத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன்.

அவர் இப்போது காதைப் பொத்துவதில்லை. நன்றாகத் தூங்குகிறார். சட்டையைப் பிடித்து இழுத்த நான்தான் மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன் என்று நம்பிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். நான் இரண்டு தடவைதான் கூப்பிட்டேன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.